வாலில் இரண்டு வார்த்தை, பாட்டில் ஒன்றும் சுழியும்: கிறிஸ்டஃபர் மூரின் ‘ஃப்ளூக்’

கிறிஸ்டஃபர் மூர் எழுதி 2003இல் வெளியான ‘ஃப்ளூக்’ முந்நூறு பக்கத்துக்குச் சற்று மேல் போகும் ஆங்கில நாவல். நையாண்டியும் அறிவியல் புனைவும் கொஞ்சம் காதலும் கலந்தது. களம் ஹவாயின் மவுயி தீவு. 2023 ஆகஸ்ட் தீயில் பெரும்பகுதி எரிந்துபோன லஹைனா ஊரும் அதன் படகுத்துறையும் இதில் அன்றிருந்தபடி இருக்கின்றன. கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஏன் பாடுகின்றன என்ற ஒரே கேள்வியோடு நேட் க்வின் என்ற உயிரியலாளர் அந்தக் கடலில் வருடக்கணக்காகக் கிடக்கிறார். ஒருநாள் மூழ்கப் போகும் திமிங்கலம் ஒன்று வாலைத் தூக்க, அதன் அடிப்பக்கத்தில் ஆளை வம்புக்கு இழுக்கும் இரண்டு ஆங்கில வார்த்தைகள் கொட்டை எழுத்தில் தெரிகின்றன. ஃபிலிம் ரோலைக் கழுவி வாங்கினால் அந்த ஒரு ஃபிரேம் மட்டும் காணோம். அலுவலகத்தை யாரோ சூறையாடிவிட்டுப் போகிறார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் வயதான சீமாட்டிக்குத் திமிங்கலம் ஒன்று போன் போட்டு, நேட் வரும்போது சாண்ட்விச் வாங்கிவரச் சொல்கிறது.

கதைச் சுருக்கம் இவ்வளவு போதும். ஆனால் பாட்டுக்குள் செய்தி இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை உடைத்துச் சொல்லாமல் இந்த நாவலை எடைபோட முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் படிக்க நினைப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். கடைசி அத்தியாயங்களை இங்கே தொடவில்லை.

படகில் நடக்கும் பாதி அசல் சரக்கு. திமிங்கல ஆய்வு எப்படி நடக்கிறது, அதில் எவ்வளவு நேரம் வீணாகிறது, யார் யார்மேல் பொறாமைப்படுகிறார்கள் என்பதையெல்லாம் இவ்வளவு சரியாகச் சொல்லும் புனைவு அபூர்வம். மவுயி ஆய்வாளர்களோடு மூர் கடலுக்குப் போய்ப் பார்த்தது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. எது உண்மை, எது கப்சா என்று பிரித்துச் சொல்லும் ஒரு குறிப்பையும் பின்னால் சேர்த்திருக்கிறார். பாட்டை அவிழ்க்கும் இடத்தில்தான் கணக்கு இடிக்கிறது. அங்கே அவிழ்வது ரகசியக் குறியீடு ஒன்றுதான், திமிங்கலத்தின் மொழி அல்ல. இரண்டையும் நாவல் ஒன்றாகவே பாவிக்கிறது.

முதலில் நல்ல பாதி. பாடும் திமிங்கலத்தைத் தேடும் காட்சிகளில் மூர் தப்பே செய்யவில்லை என்று சொல்லலாம். பாடுவது ஆண்தான், அதுவும் பெரும்பாலும் தனியாக. தலையைக் கீழே சாய்த்து, மேல்மட்டத்திலிருந்து 15 முதல் 25 மீட்டர் ஆழத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டு பாடும். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து நாலைந்து மூச்சு விட்டு, வாலைத் தூக்கி மறுபடியும் அதே இடத்துக்கு அருகில் இறங்கும். அந்த நாலைந்து மூச்சுக்குள் படகைத் திமிங்கலத்துக்குப் பின்னால் கொண்டுபோய், வாலின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்தாக வேண்டும். வாலின் கறுப்பு வெள்ளைத் திட்டுகளும் பின்விளிம்பின் பல்வெட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி. நாவலில் ஃபிலிம், ஸ்லைடு, லாப் என்று அலைகிறார்கள். இன்றைக்கு டிஜிட்டல் படத்தை ‘ஹாப்பிவேல்’ போன்ற தளத்தில் ஏற்றினால் கம்ப்யூட்டரே பழைய படங்களோடு ஒப்பிட்டு ஆளைச் சொல்லிவிடும். ஒரு ஃபிரேம் காணாமல் போவதில் தொங்கும் மர்மத்தை இன்று எழுதவே முடியாது.

முதல் பக்கத்திலேயே வரும் திமிங்கலத்தின் அளவு 50 அடி, 80,000 பவுண்டு. அதாவது 15 மீட்டர், 36 டன். வளர்ந்த ஆண் சாதாரணமாக 13, 14 மீட்டர்தான். இது உச்சவரம்பை ஒட்டிய உருப்படி, பொய்யில்லை. இன்னொரு விஷயம் அனுமதி. ஹவாயில் கூன்முதுகுத் திமிங்கலத்தை 100 கெஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள், யாரும் நெருங்கக் கூடாது. 1972ஆம் வருடத்துக் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கிய ஆய்வாளருக்கு மட்டும் விலக்கு. அந்த அனுமதியும், அதை நம்பி வரும் பணமும் போய்விடுமோ என்பதுதான் இந்தத் தொழிலில் நிஜமான பயம் என்பதை மூர் நன்றாகப் பிடித்திருக்கிறார்.

ஒலிப்பதிவை நாவல் ஓரிரு வரியில் கடந்துபோகிறது. அது நடக்கும் விதம் தெரிந்தால்தான் பின்னால் வரும் குறியீட்டுச் சமாச்சாரத்தை மதிப்பிட முடியும். எஞ்சினை நிறுத்த வேண்டும். மீன் தேடும் சோனாரையும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பதிவு முழுக்க ‘டிக் டிக்’ என்று விழும். நீரடி மைக்கை, அதாவது ஹைட்ரோஃபோனை, ஒன்றிரண்டு கிலோ எடை கட்டி 10, 15 மீட்டர் இறக்குவார்கள். கேபிளைப் படகில் நேராகக் கட்டினால் படகு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் மைக்குக்குப் போகும். அதனால் நடுவில் ரப்பர் கயிறும் மிதவையும் வைப்பார்கள். நீரோட்டம் இருந்தால் கேபிளே தம்புரா தந்திபோல் அதிரும். கேபிளைச் சுற்றி நாடா சுற்றினால் அது குறையும், அடியோடு போகாது. பதிவு சுருக்கப்படாத வேவ் கோப்பாக, வினாடிக்கு 48,000 மாதிரி (48 கிலோஹெர்ட்ஸ்), மாதிரிக்கு 24 பிட் இருந்தால் போதும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைக்க வேண்டும். பாட்டுக்குத் தெளிவான தொடக்கமோ முடிவோ கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். அதனால் குறைந்தது இரண்டு முழுச் சுற்றாவது வேண்டும். பவளப்பாறைப் பக்கம் போனால் ‘சொடுக்கு இறால்’ போடும் வெடிச்சத்தம், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் முழுக்க நிரம்பியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே நேரத்தில் பல ஆண்கள் பாடுவதால், எந்த ஒலி யாருடையது என்று பிரிக்கவே முடியாது.

இங்கே முக்கியமான சங்கதி ஒன்று. அலை மோதுவதாலும் படகு ஆடுவதாலும் வரும் இரைச்சல் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது வினாடிக்கு 20 அதிர்வுக்கும் குறைவாக, இருக்கும். ஆகவே பல பதிவுக் கருவிகளில் அடி ஒலியை வெட்டிவிடும் பொத்தானை முதலிலேயே போட்டுவிடுவார்கள். மூரின் கதையில் செய்தி ஒளிந்திருப்பதும் மனிதக் காதுக்கு எட்டாத அந்த அடி ஒலியில்தான். இத்தனை வருடம் பாட்டைக் கேட்ட நேட் அதை எப்படித் தவறவிட்டார் என்ற கேள்விக்கு இதுவே போதுமான பதில். திரையில் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் படம், பார்த்தாலும் தெரியாது. 10 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்த பதிவை 1024 புள்ளி ஜன்னலில், அதாவது 1024 மாதிரி கொண்ட துண்டுதுண்டாக, பார்த்தால் ஒரு அதிர்வெண் கட்டத்தின் அகலம் கிட்டத்தட்ட 10 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடப்பதெல்லாம் இரண்டே கட்டத்தில் கறுப்பாக அப்பிக் கிடக்கும். 16,384 புள்ளி வைத்தால்தான் பிரியும், ஆனால் அப்போது ஒவ்வொரு ஜன்னலும் ஒன்றரை வினாடிக்கு மேல் நீண்டுவிடும், வேகமாக மாறுவதெல்லாம் மங்கிவிடும். பேராசிரியர்கள் தவறவிட்டதை கோனா என்ற படகுப்பையன், நியூ ஜெர்சியில் பிறந்து ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயக்காரனாக வேஷம் போடும் வெள்ளைக்காரன், வெறும் அலைவடிவத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறான். மேடு ஒன்று, பள்ளம் சுழி. வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், இந்த வேலைக்கு ஸ்பெக்ட்ரோகிராமைவிட அலைவடிவமே சரியான கருவி. மூர் தெரிந்து எழுதினாரா, குருட்டாம்போக்கில் அமைந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்று-சுழியை எழுத்தாக்கினால் ஆங்கிலம் வருகிறது. இங்கேதான் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டும்.

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வினாடிக்கு ஐந்து பிட், அதாவது ஐந்து ஒன்றோ சுழியோ, அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 15 நிமிடப் பாட்டில் 900 வினாடி, மொத்தம் 4,500 பிட். எழுத்துக்கு 8 பிட் என்றால் 562 எழுத்து, நூறு ஆங்கில வார்த்தைக்குக் கொஞ்சம் குறைவு. (தமிழில் யுடிஎஃப்-8 என்ற கணினி எழுத்து முறையில் அனுப்பினால் ஒரு குறியீட்டுக்கு 24 பிட். மொத்தம் 187 குறியீடு, ஒரு வெண்பா போகும், உரை போகாது.) ஒரு சின்னத் தந்திக்கு இது தாராளம், கதைக்குத் தேவையானதும் அவ்வளவே. கடலின் மேற்பரப்பிலும் தரையிலும் பட்டு வரும் எதிரொலி இந்த வேகத்தை அவ்வளவாகக் கெடுக்காது, ஏனென்றால் ஒவ்வொரு பிட்டும் 200 மில்லிவினாடி நீளம். இதுவரை நாவல் பாஸ்.

இடிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஆழம். 15 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடலில் 100 மீட்டர். அவ்வளவு நீளமான அலை ஆழமில்லாத தண்ணீரில் பயணிக்காது, தரைக்குள் கசிந்துவிடும். மணல் தரை, 50 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது தூரம் போகாது. 30 மீட்டர் ஆழத்தில் இந்த எல்லை 26 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பாறைத் தரையானால் கொஞ்சம் இறங்கும். மவுயிக்கும் லனாய்க்கும் நடுவிலுள்ள அவுஅவு நீரிணை ஆழமில்லாத கடல். பனியுகத்தில் இந்தத் தீவுகள் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. திமிங்கலங்கள் குட்டி போடவும் பாடவும் கூடுவது அங்கேதான். காதுக்கு எட்டாத ஒலியில் செய்தி அனுப்ப உலகிலேயே மோசமான இடங்களில் ஒன்றை மூர் தேர்ந்தெடுத்திருக்கிறார். 200 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் அது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும், மர்மம் போயிருக்கும்.

இரண்டு, ஒத்திசைவு. 4,500 பிட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதுகிறவர் நூற்றுக்கு ஒன்று தப்பாகப் படித்தால் 45 எழுத்து கெடும், மீதியை வைத்து ஊகித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு பிட்டை எண்ணாமல் விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு எழுத்தும் ஒரு இடம் நகர்ந்து குப்பையாகும். அதனால்தான் மோடம் முதல் செயற்கைக்கோள் வரை எல்லாத் தொடர்பிலும் குறிப்பிட்ட இடைவெளியில் ‘இங்கேதான் தொடக்கம்’ என்று அடையாளப் பிட்டுகளும், கூட்டல் சரிபார்ப்பும் வைக்கிறார்கள். மைக்கின் வயர் திருப்பி இணைக்கப்பட்டிருந்தால் மேடு பள்ளமாகும், ஒன்றெல்லாம் சுழியாகும். கோனாவுக்கு இதில் எதுவும் நேரவில்லை. கஞ்சாப் புகைக்கு நடுவே இப்படி ஒரு பிட்கூட நழுவாமல் படிப்பதுதான் நாவலின் மிகப் பெரிய அறிவியல் புனைவு.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, இதில் நிஜ ஆய்வாளர்களும் விழுவதுண்டு. எந்த இரைச்சலையும் ஒரு கோடு போட்டு மேலே-கீழே என்று பிரித்தால் ஒன்றும் சுழியும் கிடைத்துவிடும். ஐந்து ஐந்தாகக் கட்டினால் 32 சேர்க்கை, அதில் 26 எழுத்தாகிவிடும். ஆக, மழைச்சத்தத்திலிருந்தும் ‘உரை’ வரும். அது உரைதானா என்று பார்க்க, அதே பிட்டுகளைக் குலுக்கிப்போட்டு மறுபடியும் எழுத்தாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சம அளவு வார்த்தை வந்தால் கண்டது கானல். நாவலில் அப்படிச் சோதிக்காததற்குக் காரணம், வந்த செய்தி அவ்வளவு தெளிவாக இருப்பதுதான். அது நியாயம். ஆனால் திமிங்கலத்தின் சொந்த ஒலியில் அந்த வசதி யாருக்கும் கிடையாது.

பாட்டின் அமைப்பு இப்படி: இடைவெளி விடாமல் ஒலிக்கும் ஒரு முனகலோ கீச்சலோ ஒரு அலகு. சில அலகுகள் சேர்ந்தால் கால் நிமிடம் ஓடும் ஒரு அடி. அதே அடி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பகுதி. பகுதிகள் மாறாத வரிசையில் வந்தால் ஒரு பாட்டு. ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை எழுதியபோது பாட்டின் நீளத்தை 7 முதல் 30 நிமிடம் என்று அளந்தார்கள். ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லோரும் ஒரு பருவத்தில் ஏறக்குறைய ஒரே பாட்டையே பாடுகிறார்கள். ஹவாயில் பாடுவதும் மெக்ஸிகோ கரையில் பாடுவதும் ஒன்றாகவே இருக்கும். பருவம் நகர நகரப் பாட்டும் எல்லோருக்கும் சேர்ந்தே மாறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1990களின் பிற்பாதியில் இரண்டே வருடத்தில் பழைய பாட்டு மொத்தமாகக் கைவிடப்பட்டு மேற்குக் கரைப் பாட்டு வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து பசிபிக்கில் கிழக்கு நோக்கி, பிரெஞ்சு பாலினீசியா வரை, பாட்டுகள் தீவுக்குத் தீவு பரவியதையும் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அகராதி போட நினைப்பவர் இதை யோசிக்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே 15 நிமிட உரையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அடுத்த வருடம் அதில் பாதி மாறிவிடுகிறது. உரையாடல் இப்படி நடக்காது. 2006இல் சுசுகி, பக், டையாக் மூவரும் பாட்டின் தகவல் அளவைக் கணக்கிட்டபோது வினாடிக்கு ஒரு பிட்டுக்கும் குறைவாகவே வந்தது. நாவலின் 4,500 பிட்டை நிஜப் பாட்டில் தேடினால் 900கூடத் தேறாது. மூருக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் செய்தியைப் பாட்டுக்குள் வைக்காமல் பாட்டுக்கு அடியில் வைத்தார், செய்தி அனுப்புவதும் சாதாரணத் திமிங்கலம் இல்லை என்று ஆக்கினார். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அதன் விலை, நேட்டின் வருடக்கணக்கான கேள்வியிலிருந்த பாட்டு அவிழ்க்கப்படாமலே ஓரமாகக் கிடக்கிறது. வாசகர் மட்டும் ஏதோ திமிங்கல மொழி புரிந்துவிட்டது என்ற நினைப்போடு பக்கத்தைப் புரட்டுகிறார்.

நாவல் வந்து இருபது வருடத்துக்குப் பின் நிஜத்தில் நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. 2021இல் தென்கிழக்கு அலாஸ்காவில் ட்வெயின் என்று பெயரிட்ட பெண் திமிங்கலம் ஒன்றுக்கு, பாட்டை அல்ல, ஒருவரையொருவர் கூப்பிடும் ‘வப்’ என்ற குட்டி ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். இருபது நிமிடம் நடந்தது. அது படகைச் சுற்றிவந்து, இவர்கள் விட்ட இடைவெளிக்கு ஏற்ப அதே இடைவெளியில் பதில் கொடுத்தது. 2023இல் கட்டுரையாக வந்தபோது ஆய்வாளர்களே, முதலில் ஈடுபாடு, பிறகு பதற்றம், பிறகு விலகல் என்று மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். ஒரே ஒலியை ஓயாமல் போட்டால் எதிராளி எரிச்சலடைந்தாரா, பேசினாரா என்று எப்படிச் சொல்வது? ஒரே திமிங்கலம், ஒரே ஒலி, ஒரே தடவை. ஊடகங்கள் ‘உரையாடல்’ என்று எழுதிவிட்டன.

எண்ணெய்த் திமிங்கலங்களில் வேலை இன்னும் முன்னேறியிருக்கிறது. கரீபியன் தீவான டொமினிகாவின் கடலில் ஷேன் கெரோ என்ற உயிரியலாளரின் குழு 2005 முதல் சேர்த்த பதிவுகளிலிருந்து 8,719 ‘கோடா’க்களை, அதாவது குறுகிய டிக்-டிக் வரிசைகளை, 2024இல் இந்தத் திமிங்கலங்களின் தொடர்பை ஆராயும் ‘சீட்டி’ திட்டத்தினர் பகுத்தார்கள். 18 தாளம், 5 வேகம், இடையில் இழுப்பு, கடைசியில் சேர்க்கும் கூடுதல் டிக் என நான்கு கூறுகள் தனித்தனியாகச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டினார்கள். உறுப்புகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. 2025இல் கூன்முதுகுத் திமிங்கலப் பாட்டுக்கும் இதே கதைதான். நியூ கலிடோனியாவின் எட்டு வருடப் பதிவில், குழந்தைகள் பேச்சைத் துண்டாக்கும் வழியைப் பின்பற்றி, எந்த ஒலிக்குப் பின் எது வரும் என்ற நிகழ்தகவு சட்டென்று குறையும் இடத்தில் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் எத்தனை தடவை வருகின்றன என்ற கணக்கு, மனித மொழிகளில் உள்ள ஜிஃப் விதிப்படி, சில மட்டும் மிக அடிக்கடியும் மற்றவை அபூர்வமாகவும் என்று விழுந்தது. கற்றுக்கொண்டு கடத்தப்படும் எதிலும் இப்படி விழலாம், அதற்கு அர்த்தம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. துண்டு எது என்று முடிவுசெய்வதற்கே ஐம்பது வருடம் ஆனது. நாவலில் அது ஒரு பின்மாலையில் முடிந்துவிடுகிறது. திமிங்கல ஒலியை அவிழ்க்கும் அடுத்த நாவலை எழுத நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கதையாக்க வேண்டும்: வெட்டுவது எங்கே என்று தெரியாத தவிப்பு.

எழுத்தைப் பற்றி. வசனம் கூர்மை, அத்தியாயங்கள் குட்டி, சலிப்பில்லாமல் ஓடும். நேட், அவரது கூட்டாளியான புகைப்படக்காரர் கிளே, உதவிக்கு வந்த ஏமி மூவரின் கேலிப்பேச்சு நன்றாக வந்திருக்கிறது. கோனாவின் பேச்சு ஜமைக்கா வட்டாரமும் ஹவாய் கலப்பு மொழியும் பிசைந்தது. ஆங்கிலம் சரளமாகப் படிக்கிற தமிழ் வாசகருக்கும் முதல் இரண்டு அத்தியாயம் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். அந்த நகைச்சுவை நூறு பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை என்பது வேறு விஷயம். பாலியல் கேலிகள் ஏராளம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புத்தகம் அல்ல. கடற்படை ஒலிச்சோதனை பற்றிய கிளைக்கதை மெலிந்து கிடக்கிறது. 2000 மார்ச்சில் பஹாமாஸில் சோனாரால் திமிங்கலங்கள் கரையொதுங்கிய பிறகு அமெரிக்காவில் அது நீதிமன்றம் வரை போன விவகாரம். நாவல் வந்த அதே வருடம் கடற்படையின் குறைந்த அதிர்வெண் சோனாருக்குக் கட்டுப்பாடு விழுந்தது. அவ்வளவு சூடான விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வில்லன்களுக்கான அலங்காரமாக மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்.

நேட் காணாமல் போகும் இடத்திலிருந்து நாவல் கடலுக்கு அடியில் இறங்குகிறது. அங்கே உள்ள உயிர்கள், அவற்றின் வரலாறு எல்லாம் கற்பனைக்கு விருந்து. ஆனால் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் நின்று விளக்குகிறார். முதல் பாதியில் வேலை செய்துகொண்டே பேசியவர்கள் இரண்டாம் பாதியில் உட்கார்ந்து பரிணாமப் பாடம் கேட்கிறார்கள். வேகம் பாதியாகிவிடுகிறது.

படிக்கும்போது கூடவே கேட்க விரும்புபவர்களுக்கு: வடபசிபிக்கில் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா கடலடிக் கருவிகளால் எடுத்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் கூகுள் இந்தப் பதிவுகளில்தான் ஒரு லட்சத்து எழுபதாயிரம் மணிநேரத்துக்கும் மேலாகக் கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கம்ப்யூட்டரால் தேட வைத்தது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 900 மீட்டர் ஆழத்தில் உள்ள மைக்கின் நேரடி ஒலிபரப்பும் உண்டு, குளிர்காலத்தில் பாட்டு நிறைய விழும். பார்ப்பதற்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘ரேவன் லைட்’ மென்பொருள் இலவசம். 0 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் காட்டச் சொல்லி, 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கு 2048 புள்ளி ஜன்னல் வைத்தால் அலகுகள் தனித்தனியாகத் தெரியும். லேப்டாப் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை, ஹெட்ஃபோன் வேண்டும். கோப்புகளில் 170 டெசிபல் என்று பார்த்து மிரள வேண்டாம். தண்ணீர் டெசிபலிலிருந்து சுமார் 62 கழித்தால்தான் காற்றில் நாம் சொல்லும் கணக்கு வரும்.

திமிங்கல ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க மட்டும் இதை வாங்குகிறவர்கள் நேட் காணாமல் போகும்வரை படித்துவிட்டு, நேராகப் பின்குறிப்புக்குப் போய்விடலாம். விலைக்கு அதுவே போதும்.